மாடியில் ஹெக்டேர், கீழே குழி

போன வாரம் கள்ளக்குறிச்சியில், சேலம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மனை விற்பனை ஆபீசுக்குப் போயிருந்தேன். எனக்கு மனை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணை.

அங்கே இருந்தவர் ஒரு தம்பதிக்கு மனையை விளக்கிக்கொண்டிருந்தார். “ஆயிரத்து எழுநூத்து நாப்பத்திரெண்டு சதுர அடி சார். முன்னாடி காரு நிறுத்தலாம், பின்னாடி தென்னை வெக்கலாம்.” தம்பதி அந்த எண்ணிலேயே குடிபோய்விட்டார்கள். அதற்குள் அவருக்கு ஒரு போன். ஏதோ கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்கிறார்கள் போலிருக்கிறது. “அட போங்கண்ணே... இன்னா பெரிய மனை? நாலு சென்ட்டு.”

ஒரே மனை. ஒரே நிமிஷம்.

நாலு சென்ட் என்பதும் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு சதுர அடி என்பதும் ஒன்றுதான். துளி பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர் மாறியதும் மனை எப்படிச் சுருங்கிப்போனது பார்த்தீர்களா? அளப்பது சர்வேயர் வேலை. எந்த அளவில் சொல்வது என்பதை மட்டும் நாம் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கச்சிராயபாளையத்து ஏழுமலையின் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பத்தேழாம் வருஷம். ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த வாரம். வட மாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்கள் சாலையின் குறுக்கே கிடந்தன. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன என்று பேச்சு. அந்த வாரம் உயிர்களும் போயின. அந்தத் துயரத்தை ஒரு சிரிப்புக் கதையின் ஓரத்தில் வைத்துப் பேச எனக்கு மனமில்லை. நான் சொல்ல வந்தது, பஸ் ஓடாததால் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மட்டும்.

நான் அப்போது கச்சிராயபாளையம் தபால் ஆபீசில் வேலை. ஏழுமலை வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே அவர் குடும்பம். கோமுகி அணை வாய்க்காலில் அவருக்குக் கரும்பு. மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி. எல்லாம் சேர்த்து நாலு ஏக்கர் எண்பத்தொன்பது சென்ட்.

அவருடைய மகன் மணி, உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் திருநாவலூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்தான். பெயர் தமிழரசி. அன்றிலிருந்து தினமும் ஷேவ் செய்தான். “கட்டுனா அதத்தான் கட்டுவேன். இல்லன்னா மலைக்குப் போயிடறேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். கல்வராயன் மலை கூப்பிடு தூரம்தான், போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிவந்துவிடுவான். இருந்தாலும் அந்த அம்மாள் பயந்துவிட்டார். இந்தச் சம்பந்தம் அமைந்தாக வேண்டும் என்று வீடே தவித்தது.

பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது புதன்கிழமை. கிழமை தவறினால் போன் செய்கிற வாசகர்கள் எனக்கு உண்டு, அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் ஆவணியின் கடைசி நாள். புரட்டாசி பிறந்துவிட்டால் புதிதாகக் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். பெண்ணின் அப்பா கலியமூர்த்தி, அவருடைய அக்கா அஞ்சலை. வீட்டைப் பார்ப்பது, காட்டை, அதாவது நிலத்தை, சுற்றிவருவது, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவது... இதுதான் திட்டம்.

சாயங்கால பஸ் வரவில்லை. மறுநாள் எந்த பஸ்ஸுமே வரவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, சோறு சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சரி என்று சொன்ன மாதிரி. ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு இது சுலபம். மாட்டிக்கொண்டவர்களுக்கு? கலியமூர்த்தி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். உப்புமா சோறு இல்லை.

“காலையில உப்புமா, மத்தியானம் உப்புமா. தம்பி, நான் உன்ன மாதிரி வைராக்கியக்காரி இல்லடா” என்றார் அஞ்சலை.

“சும்மா இருக்கா. நாலு பேரு பாத்துக்கினு இருக்காங்க.”

“பாக்கட்டுமே. அவங்கதான் சோறு துன்றாங்க.”

இது போதாதென்று, அதே புதன்கிழமை ஏழுமலையின் கிணற்றைப் பார்க்க ஓர் ஆபீசரும் வந்திருந்தார். கிணற்றை ஆழப்படுத்த மானியம். ஆனால் அது சிறு விவசாயிக்கு மட்டும்தான், இரண்டு ஹெக்டேருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது. ஆபீசருக்கும் பஸ் இல்லை. அவரை என் அறையில் தங்கவைத்தார்கள்.

ஆக, மாடியில் ஏழுமலை சிறு விவசாயி. கீழே ஏழுமலை பெரிய இடத்துச் சம்பந்தி. நடுவில் பதினைந்து மரப்படி.

ஊரில் அப்போதுதான் பட்டாக்களை ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தன் புதுப் பட்டாவைப் பார்த்ததும் ஏழுமலை முதலில் ஆடிப்போய்விட்டார். “அஞ்சு ஏக்கருக்குக் கிட்டத்துல இருந்துச்சு. இப்ப ரெண்டு கூட இல்லியே. மீதிய எவன் சார் எடுத்துக்கினான்?” யாரும் எடுக்கவில்லை, ஒரு ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று உட்காரவைத்து விளக்கினேன். ஒன்று புள்ளி ஒன்பது எட்டு ஹெக்டேர். அவர் பட்டாவை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அப்ப மானியத்துக்கு இதுதான் சார் நல்ல அளவு.”

மாடிக்கு நல்ல அளவு கிடைத்துவிட்டது. கீழே என்ன சொல்வது? அதை அவருடைய மச்சான் பார்த்துக்கொண்டார்.

வைத்திலிங்கம் மணிக்குத் தாய்மாமன். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். சம்பந்தம் பேச என்றே வரவழைக்கப்பட்டவர், அந்த வேலையில் பேர் வாங்கியவர். வியாழக்கிழமை ராத்திரி எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

“எங்க மாமாவுக்கு நெலம் எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்லியே சம்பந்தி. பெரிய மனசு. நானே சொல்றேன். ஆயிரத்து நானூத்து எண்பது குழி.”

கலியமூர்த்தியின் கை உப்புமாவில் நின்றது. “ஆயிரத்து நானூறா?”

“எண்பதையும் சேத்துக்குங்க. அத ஏன் விடணும்?”

குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் கொண்ட சதுரம். எல்லாம் அந்தக் கோலைப் பொறுத்தது. வைத்திலிங்கத்தின் ஊரில் கோலுக்குப் பன்னிரண்டு அடி. நம் பக்கம் கோலுக்கு இருபத்து நாலு அடி. கோல் இரண்டு மடங்கானால் குழி நாலு மடங்காகிவிடும். அவர் ஊர்க் கோலால் அளந்தால் ஏழுமலையின் நிலம் ஆயிரத்து நானூற்று எண்பது குழிதான், சுத்தமான உண்மை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் திருநாவலூர்க்காரர் ஆயிற்றே. அவருக்கு நூறு குழி ஒரு காணி. ஒரு காணி ஒன்றே கால் ஏக்கருக்கு மேல். அவர் விரல்விட்டு எண்ணியதை நானும் மனசுக்குள் எண்ணினேன். பதினாலே முக்கால் காணி. ஏறக்குறைய இருபது ஏக்கர்.

ஏழுமலைக்கும் இது தெரியும். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே? ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப கவனமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு வாசல்பக்கம் என்னை மடக்கினார்.

“மச்சான் பொய் சொல்லலியே சார். அவரு ஊருக் குழி அது.”

“இவரு அவரு ஊர்க்காரர் இல்லையே.”

“கேட்டா சொல்லிடலாம். கேக்கலன்னா நீங்களா வாயத் தொறக்காதீங்க. பையன் மூஞ்சியப் பாருங்க.”

மணி தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாடகைக்காரன். சரி என்றேன்.

“அப்புறம் இன்னொன்னு சார். மச்சான் பேச ஆரம்பிச்சா மாடியில ரேடியோவ கொஞ்சம் ஜாஸ்தியா வெய்யுங்க. ஆபீசரு காதுல விழுந்திடப் போவுது.”

அந்த வாரம் எங்கள் வீட்டு ரேடியோ அலறிய மாதிரி ஊரில் எந்த ரேடியோவும் அலறவில்லை. ‘சார் நியூஸ்ல ரொம்ப ஆர்வமோ’ என்று ஆபீசர் கேட்டார். அவருக்குச் சாப்பாடெல்லாம் மேலேயே வந்தது. மரியாதையாம்.

வெள்ளிக்கிழமை காலை காடு பார்க்கப் போனார்கள். நானும் போனேன், தபால் வராத தபால் ஆபீசில் எனக்கு வேறு என்ன வேலை? கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதற்குள் யார் எல்லை எது என்று பருந்துக்குத்தான் தெரியும். வைத்திலிங்கம் எந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. “இதோ இங்க புடிச்சு...” என்பார். “அப்படியே அந்த வேப்பமரத்த ஒட்டி...” என்பார். கடைசியில் கையை மலைப்பக்கம் நீட்டி, “அதோ...” என்று நிறுத்திக்கொண்டார். கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். மேகம் இறங்கிய கல்வராயன் மலை மொத்தமும் மணியின் சொத்து மாதிரி நின்றது.

ஒவ்வொரு ‘அதோ’வுக்கும் கலியமூர்த்தி வாடிக்கொண்டே வந்தார். மனுஷன் மலைத்துப்போய்விட்டார் என்று ஏழுமலைக்கு உள்ளூரச் சந்தோஷம். மச்சானின் முதுகில் ஒரு தட்டுக்கூடத் தட்டினார்.

அன்று மத்தியானம் வாய்க்கால் கரையில் கலியமூர்த்தி என்னிடம் தனியாக வந்தார்.

“சார், நீங்க பொது மனுஷன். அதான் உங்ககிட்ட சொல்றேன். நாளைக்கு நான் நடந்தாவது ஊர் போய்ச் சேந்துடறேன். இது நமக்கு ஒத்துவராது.”

“ஏங்க? பையன் நல்ல பையன்.”

“தங்கமான பையன். வூடும் நல்ல வூடு. அதான் வயிறு எரியுது. ஆனா பதினாலு காணிக்காரரு வூட்ல பொண்ணக் குடுத்துட்டு நான் இன்னா செய்வேன்? தலை தீபாவளி, தலைப் பொங்கல், ஆடிச் சீரு... அவங்க கேக்கலன்னாலும் அந்த அளவுக்குச் செய்யணும் இல்ல? கம்மியா செஞ்சா எம் பொண்ணு அங்க தல நிமிந்து நிப்பாளா? எனக்கு இருக்கறது ரெண்டு காணி சார். இவரு ஒரு மூணு நாலு காணிக்காரரா இருந்திருந்தா, இந்நேரம் நான் சோத்துல கை வெச்சிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பெரிதாகக் காட்டினால்தான் பெண் கிடைக்கும் என்று மாப்பிள்ளை வீடு நினைக்கிறது. பெரிதாக இருப்பதாலேயே பெண்ணின் அப்பா ஓடப் பார்க்கிறார்.

“இத ஏழுமலைகிட்ட சொல்லட்டுங்களா?”

“ஐயோ, வேணாம் சார். சங்கடப்படுவாரு. பொண்ணுக்கு இப்ப வேணாம்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க.”

இரண்டு பேருக்கும் ஒரே வாக்கு. என் வாய்க்கு அந்த வாரம் அவ்வளவு கிராக்கி.

சனிக்கிழமை மத்தியானம், மேலே தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போன ஆபீசர், தட்டை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கிவந்துவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். பந்தியில் எங்களுக்குச் சோறு. கலியமூர்த்திக்கும் அஞ்சலைக்கும் உப்புமா. கலியமூர்த்தி கிளம்புவதற்குத் தயாராகப் பையை மடியிலேயே வைத்திருந்தார். மணி கதவோரம் நின்றிருந்தான்.

ஆபீசர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். “ஏழுமலை, ஒண்ணு மட்டும் பாக்கி. இந்தப் பட்டாவுல இருக்கிறது தவிர உங்களுக்கு வேற நிலம் இருக்கா?”

இருக்கு என்றால் கிணறு போயிற்று. இல்லை என்றால் சம்பந்தம் போயிற்று, அவர் நினைப்பில். ஏழுமலையின் கண் உத்தரத்துக்குப் போனது, மச்சானுக்குப் போனது, ஜன்னல் வழியாக மலைக்குப் போனது. அங்கே ஏதோ கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

“இருக்கறது எல்லாம் சேத்து... ஒரு பன்னெண்டு வள்ளம் வெதைப்பாடு வரும் சார்.”

“என்னது?”

மலைக்காரர்கள் கணக்கு அது. வள்ளம் என்றால் தானியம் அளக்கிற பாத்திரம். சரிவில் சங்கிலி பிடித்து அளக்க முடியுமா? எத்தனை வள்ளம் விதை பிடிக்கிறதோ அதுதான் காட்டின் அளவு. நல்ல கணக்கு. ஆனால் சமவெளியில், கரும்புக்காரர் ஒருவர் அந்த அளவில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். கரும்பில் விதைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “நீங்க மலை ஊருக்கெல்லாம் தபால் அனுப்பறவர். இது எத்தனை ஹெக்டேர்?”

“அது விதைக்கிறவர் கையைப் பொறுத்தது சார்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அஞ்சலை உப்புமாத் தட்டை ஒரு பக்கம் நகர்த்தினார். “வள்ளமும் வேணாம் வெதையும் வேணாம். ஏம்பா ஆபீசரு, உன் பேப்பருல இன்னா போட்டிருக்குது?”

“ஒன்று புள்ளி ஒன்பது எட்டு ஹெக்டேர்மா.”

“அது இன்னா அளவோ.”

இப்போது கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். “சார். அது காணியில எவ்ளோ?”

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறக்க மாட்டேன் என்று இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்தான். ஆனால் கேட்டால் சொல்லலாம் என்று ஏழுமலை சொல்லியிருந்தார். கேட்டவரோ கலியமூர்த்தியே. இரண்டு வாக்கும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

“மூணே முக்கால் காணிக்குக் கொஞ்சம் கம்மி.”

“மூணே முக்காலா? பதினாலே முக்கால் இல்லியா?”

“மூணே முக்கால்தான்.”

கலியமூர்த்தி ஏழுமலையின் பக்கம் திரும்பினார். குரல் போலீஸ்காரர் மாதிரி இருந்தது. “வேற எங்கியும் எதுவும் இல்லியே?”

“இல்லீங்க.”

“மலைப்பக்கம்? அதோன்னு காட்டுனாரே.”

“அது மலைங்க. கவர்மென்ட்டுது.”

“நெஜமா இல்லியே?”

“சத்தியமா இல்லீங்க.” கதவோரத்தில் மணியைக் காணவில்லை. மலைக்குக் கிளம்பிவிட்டானோ என்னவோ.

“எங்க ஊருக் குழியில பாத்தா...” என்று வைத்திலிங்கம் ஆரம்பித்தார்.

“மச்சான், ரசத்த ஊத்திக்கினு துன்னு” என்றார் ஏழுமலை, கண்ணைத் திறக்காமலே.

கலியமூர்த்தி மடியில் இருந்த பையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். உப்புமாத் தட்டையும் அதன் பக்கத்தில் தள்ளினார். பிறகு ஏழுமலையின் மனைவியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“தங்கச்சி, சோறு போடும்மா.”

அந்த அம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றார். காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

“நிறையப் போடு. எனக்கும்” என்றார் அஞ்சலை. “சாம்பாரு போதாது, கொழம்பு இருந்தா கொண்டா.”

இங்கே என்ன நடந்தது என்று ஆபீசருக்குக் கடைசிவரை தெரியாது. இரண்டு ஹெக்டேருக்குள்தான் இருக்கிறது, வேறு நிலம் இல்லை என்று இத்தனை சாட்சிகள் முன்னிலையில் சத்தியம் செய்த விவசாயியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. திருப்தியோடு மோர் வாங்கிக்கொண்டார். மணி கொல்லைப்புறத்தில் கண்டுபிடிக்கப்பட்டான். புரட்டாசி என்பதால் கோழி தப்பியது, ஐப்பசியில் நிச்சயம் என்று பேச்சு.

மறு வாரம் மரங்களை அகற்றி பஸ் விட்டார்கள். வழியனுப்ப எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இதற்குள் தன் இரண்டு காணிக் கணக்கையும் சொல்லியிருந்த கலியமூர்த்தியிடம், சம்பந்தி ஆகிவிட்ட உரிமையில் ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு காணிய வெச்சுக்கினு நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. பொண்ண மட்டும் அனுப்புங்க.”

அஞ்சலை அப்போதுதான் படியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்ததால் மனசும் நிறைந்திருந்தது.

“ரெண்டு காணி நஞ்சைங்க. புஞ்சை ஒரு அஞ்சு காணி தனியா கெடக்குது. அத யாருமே கேக்கலியே.”

கலியமூர்த்தி கண்டக்டரிடம் மிகுந்த அக்கறையோடு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்.

எந்த ஜோசியர் வந்து பார்த்திருந்தாலும், இந்த இரண்டு குடும்பத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடைத்திருக்காது.